ஆள்கணக்கா, மணிக்கணக்கா?

குடும்பம் குறித்த பெண்ணியச் சமூகவியலைப் படிப்போர், கணவர்கள் வீட்டுவேலையில் பங்கெடுக்கிறார்கள் என்னும் புள்ளிவிவரத்தைக் கண்டால், அது உதவிய ஆட்களை எண்ணுகிறதா, செலவான நேரத்தை அளக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சமூகவியலாளர்கள் மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1973இல் முன்வைத்த ‘சமச்சீர் குடும்பம்’ (கணவனும் மனைவியும் பொறுப்புகளை ஏறக்குறைய சமமாகப் பகிரும் குடும்பம்) என்னும் கருத்துக்கு, வாரத்தில் ஒரு முறையேனும் வீட்டில் உதவுவதாகச் சொல்லப்பட்ட 72 விழுக்காட்டுக் கணவர்கள் ஒரு முக்கியச் சான்று. சனிக்கிழமை தன் கால்சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொள்பவரும் இக்கணக்கில் அடங்கிவிடுவார் என்று பெண்ணியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி மறுத்தார். அவர் லண்டனில் பேட்டி கண்ட 40 இல்லத்தரசிகளோ வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் உழைத்தனர். ஒரே வீட்டை ஆள்கணக்கு சமமாகவும் மணிக்கணக்கு ஏற்றத்தாழ்வாகவும் காட்டிவிடும் என்பதால்தான் இந்தக் கேள்வி பயன்படுகிறது.

எனினும், பெண்களின் வீட்டுழைப்பால் முதலாளித்துவம் அடையும் ஆதாயத்தைப் பேசும் மார்க்சியப் பெண்ணியத்துக்கும், குடும்ப வன்முறையையும் ஆணாதிக்கத்தையும் மையப்படுத்தும் தீவிரப் பெண்ணியத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தாது. அரிசி தீரப்போகிறது என்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார் என்பதும் (எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது) மணிக்கணக்கில் சிக்குவதில்லை.