சல்லிவன் பங்களாவைக் கடைசியில் பாருங்கள்

கோத்தகிரியில் ஒரு டீ, ரெண்டு வர்க்கி, உடனே ஊட்டிக்குக் கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது உதவாது. அரை நாள் கையில் இருந்தால் சல்லிவன் பங்களா இருக்கும் கன்னேரிமுக்கு போய்வாருங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே, இரண்டு கிலோமீட்டர்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் ஏறுங்கள். 33 கிலோமீட்டர். குன்னூர் ரோட்டு நெரிசல் இதில் குறைவு. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் மலைக்குத் தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கன்னேரிமுக்கில் கட்டிய வீடுதான் இந்தப் பங்களா. பெத்தக்கல் பங்களா என்றும் சொல்வார்கள். ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களாவுக்கும் மூத்தது. பல காலம் பாழாய்க் கிடந்து, பிறகு சீர்செய்யப்பட்டு, இப்போது நினைவகமாக இருக்கிறது.

நான் சரித்திர வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளை நேராக உள்ளே கூட்டிப் போய், பழைய படங்களுக்கு முன்னால் நிறுத்தி முக்கால் மணி நேரம் பேசினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். தப்பு என்னுடையதுதான். அடுத்த வருஷம் வரிசையை மாற்றினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஊரின் பெயர். கோத்தர்கள் என்ற பழங்குடிகள் வாழும் மலை, அதனால் கோத்தகிரி. இரும்படிப்பதும் பானை வனைவதும் அவர்கள் கை வேலை. அந்தக் காலத்தில், இதே மலையில் பயிர் செய்த படகருக்குக் கருவியும் சாவுக்கு வாத்திய இசையும் அவர்களிடமிருந்து போகும், பதிலுக்குத் தானியம் வரும். சல்லிவன் வருவதற்கு முன்பே இந்த மலையில் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் யாரையும் அந்த வாசலுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

அடுத்தது, ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர் வழியாக நடப்பது. படகர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். திண்ணையில் பாட்டி யாராவது இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, அவரைக்கொட்டைக் குழம்பை எப்படி வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கேட்காமல் மட்டும் போட்டோ எடுக்காதீர்கள்.

அப்புறம் பங்களா. உள்ளே போகுமுன் ஜன்னல் ஓரத்தில் முழங்கையை வைத்துச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். உள்ளே தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் பற்றிய படங்களுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள். ஹட்டியைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்த முகங்கள் அந்நியமாக இருக்காது. சல்லிவன் கொண்டுவந்த உருளைக்கிழங்கைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

மறுநாள் ஊட்டி போனால் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவி ஹென்ரியட்டாவின் கல்லறையைத் தேடுங்கள். ஒரு மகளும் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறாள். சரிவு வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.