‘ஆவரேஜ்’ என்று யாராவது சொன்னால்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிப் பக்கம் நின்றால், “ஆவரேஜா கிலோ 20 ரூபா போச்சுண்ணா” என்று யாராவது சொல்வார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். எப்படிப் போட்ட ஆவரேஜ் என்று கேளுங்கள்.

பெங்களூரா 1,000 கிலோ 10 ரூபாய் வீதமும், அல்போன்சா 100 கிலோ 30 ரூபாய் வீதமும் விற்றதாக வைத்துக்கொள்வோம். 10-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 20 வரும், சரி. ஆனால் கைக்கு வந்த மொத்தப் பணம் 13,000. அதை 1,100 கிலோவால் வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு 12 ரூபாய்கூடத் தேறாது. எடையை விட்டுவிட்டு விலையை மட்டும் கூட்டியதில் வந்த வினை இது.

சம்பளத்தில் வேறு மாதிரி. ஓசூரில் ஒரு சின்ன பட்டறை: நாலு பேருக்கு 12,000, மேனேஜருக்கு 62,000. ஆவரேஜ் 22,000! அந்தச் சம்பளம் அங்கே ஒருவருக்கும் இல்லை. இங்கே தொகைகளை வரிசையாக எழுதி நடுவில் நிற்பதைப் பாருங்கள், 12,000. பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தோமே, அதுதான்.

பைக் “என்ன ஆவரேஜ் கொடுக்குது” என்றால் மைலேஜ். “பையன் ஆவரேஜ்” என்றால் படிப்பு சுமார். அதில் கணக்கே கிடையாது.

இந்தச் சொல்லின் பூர்வீகம் கப்பல் வியாபாரம். கடலில் சரக்கு சேதமானால், அந்த நஷ்டத்தை வியாபாரிகள் பங்குபோட்டுக்கொள்வார்கள். அதுவும் அவரவர் சரக்கின் மதிப்புக்கு ஏற்றபடிதான்.