பசையாகிப்போன ஓட்ஸை ரொட்டியாக்கினேன்

கிளினிக்கில் அம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூட என்றார்கள். ஹட்டன் டவுனில் ஒரு பாக்கெட் ஓட்ஸ் வாங்கிவந்து கஞ்சி காய்ச்சினேன். "போஸ்டர் ஒட்டவா?" என்றார் அம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தே காலம் போனவர். ரொட்டியும் சம்பலும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

பிழை என்னுடையதுதான். ஆலையிலேயே ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய ஓட்ஸை அரை மணி நேரம் கொதிக்கவிட்டிருந்தேன். அந்த வழவழப்பு பீட்டா குளூக்கன் என்கிற நார்ச்சத்து. கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவுவதும் அதுதான். தினமும் 3 கிராம் வேண்டும். 75 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும்.

அப்புறம் வேறு வழி பார்த்தேன். ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கையால் நொறுக்கி, அதே அளவு வெள்ளைக் கோதுமை மா, துருவிய தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து வெந்நீரில் பிசைந்தேன். முதல் ரொட்டி ஓரமெல்லாம் வெடித்தது. மாவைப் பத்து நிமிடம் மூடி வைத்தேன். ஓட்ஸ் தண்ணீரை இழுத்துக்கொண்டதும் சரியாகிவிட்டது.

100 கிராம் ஓட்ஸில் புரதம் சுமார் 13 கிராம், நார்ச்சத்து 10. வெள்ளை மாவில் நார்ச்சத்து மூன்றுகூடத் தேறாது.

ஓட்ஸ் கலந்ததை மூன்றாம் நாள்தான் சொன்னேன். "பாக்கெட் அடுப்படியிலதானே கிடக்குது" என்றார் அம்மா.