பழைய பவர் அம்ப் இரண்டை ஒப்பிடுவது எப்படி: யாழ்ப்பாணத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் பழைய நல்ல ஸ்டீரியோ அம்ப் (பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) வந்து சேரும் வழிகள் சில உண்டு. லண்டனில் இருக்கிற சித்தப்பா வீடு மாறும்போது கப்பலில் போட்டு அனுப்பிய குவாட், கனடாவில் இருந்து வந்த மக்கின்டோஷ், ஜப்பானில் பாவித்த சாமானோடு வந்த யமஹா அல்லது சன்சுய். இரண்டு கையில் கிடைத்துவிட்டால் எது நல்லது என்ற கேள்வி உடனே வந்துவிடும். மாறி மாறிப் போட்டுக் கேட்டுவிட்டு "இதுதான் மச்சான்" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பில் பெரும்பங்கு, எது கொஞ்சம் கூடுதல் சத்தமாகப் பாடியது என்பது. மிச்சம், எதற்குள் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) செத்துப்போய்க் கிடக்கிறது என்பது. இந்த இரண்டையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் ஒப்பீடு என்று சொல்ல முடியும்.

தேவையான சாமான்கள் பெரிதாக இல்லை: ஒரு மல்ட்டிமீட்டர், 100 வாட் பழைய இழை பல்பும் ஹோல்டரும், கெட்டாலும் மனம் நோகாத ஒரு சின்ன ஸ்பீக்கர், லாப்டொப், கூட நிற்க ஓர் ஆள். பவர் அம்பில் பொதுவாகச் சத்தக் குமிழ் இருக்காது. அது ஸ்பீக்கரைத் தள்ளுகிற பகுதி மட்டும். எனவே சத்தத்தை லாப்டொப்பிலோ, பவர் அம்புக்கு முன்னால் மாட்டும் ப்ரீஅம்பிலோதான் கட்டுப்படுத்த வேண்டும்.

படி 1: பின்பக்கத்தைப் படியுங்கள்

அம்ப் எந்த நாட்டில் இருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டன் அம்ப் 240 வோல்ட்டுக்குச் செய்தது, பிரச்சினை இல்லை. ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் சரி, ஏனென்றால் ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸ்தான் ஓடுகிறது, அதற்கும் சேர்த்துத்தான் செய்திருப்பார்கள். வில்லங்கம் கனடா, அமெரிக்க அம்பில். 120 வோல்ட் கொடுத்தாலும், 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் அளந்து செய்த உள் ட்ரான்ஸ்ஃபோமர் 50 ஹேர்ட்ஸில் கூடச் சூடாகும், முனகும். ஸ்டெப்டவுனில் 110 வோல்ட் முனை இருந்தால் அதைப் பாவியுங்கள், கொஞ்சம் இளைப்பாறும். சில அம்ப்களில் வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைத் தொடாதீர்கள்.

படி 2: பல்பு வழியாகக் கரண்ட் கொடுங்கள்

90களில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. அதற்கு முன் வாங்கிப் பெட்டியில் கட்டி வைத்த அம்ப்கள் இன்னும் வெளியே வருகின்றன. இவ்வளவு காலம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலிற்றிக் கெபாசிட்டருக்கு ஒரேயடியாக 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்கவும் கூடும்.

பல்பை அம்புக்குச் சீரிஸாக, கரண்ட் வயரின் நடுவில் மாட்டுங்கள். போட்டவுடன் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது, நிறுத்திவிட்டுத் திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோங்கள். கிளாஸ் ஏ அம்ப் மட்டும் விதிவிலக்கு. 1980களின் தொடக்கத்தில் வந்த கிரெல் கேஎஸ்ஏ 50 போன்றவை சும்மா நிற்கும்போதே நிறையக் கரண்ட் குடிக்கும், பல்பு எரியத்தான் செய்யும். பக்கத்துக்கு 50 வாட், இரண்டும் சேர்த்து 100 வாட் தர வேண்டுமென்றால், கிளாஸ் ஏ கணக்கின்படி பாட்டே ஓடாத நேரத்திலும் குறைந்தது 200 வாட் வெப்பமாகப் போகும். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் இருந்து பார்த்தால் புரியும்.

மூடியைக் கழற்றுவதாக இருந்தால் பிளக்கை இழுத்துவிட்டு, கெபாசிட்டரில் மிச்சக் கரண்ட் இல்லை என்று மீட்டரால் உறுதிப்படுத்திய பிறகுதான் கை வைக்கலாம். பல்லி முட்டை, எறும்புப் புற்று, பச்சை பிடித்த செம்பு எல்லாம் நம்மூரில் சாதாரணம். வால்வு அம்பை (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த பழைய வகை) புதியவர்கள் திறக்கவே வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆளைக் கொல்லும்.

படி 3: ஸ்பீக்கர் முனையில் டி.சி. பாருங்கள்

இது ட்ரான்சிஸ்டர் அம்புக்கு. டி.சி. என்றால் பற்றரியில் வருவது போன்ற ஒரே திசைக் கரண்ட். ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளே எந்தப் பாட்டும் கொடுக்காமல், மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து இரு பக்க முனைகளையும் அளக்கவும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் சுருள் எரிந்துவிடும், மாட்டாதீர்கள். 10 நிமிடம் சூடான பிறகு இன்னொரு முறை அளவுங்கள்.

பிறகு அந்தச் சின்ன ஸ்பீக்கரை மாட்டி மெல்லிய சத்தத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் மறைந்து, சத்தத்தைக் கூட்டியவுடன் திரும்பி வந்தால் பாதுகாப்பு ரிலேயின் (பழுது வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகள் கறுத்துவிட்டன என்று பொருள். கடல் காற்று படும் வீடுகளில் இது அடிக்கடி வரும். மலிவான திருத்தம்தான், ஆனால் செய்யாமல் ஒப்பிட்டால் ரிலேயைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

படி 4: வாட் கணக்கில் மயங்காதீர்கள்

1974இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடர்ச்சியான வலுவைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவரும்வரை, விளம்பரங்களில் வாட் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. உண்மையான வாட்டிலும் வித்தியாசம் நினைப்பதைவிடச் சிறிது. குவாட் 303 பக்கத்துக்கு 45 வாட், குவாட் 405 பக்கத்துக்கு 100 வாட். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் இடைவெளி மூன்றரைதான். சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

படி 5: சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான், பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான். மேலே சொன்ன இரண்டு குவாட்டுகளுக்கும் முழு வலுவில் ஓட அரை வோல்ட் போதும். வேறு பல அம்ப்களுக்கு ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் குமிழை ஒரே இடத்தில் வைத்து அம்பை மட்டும் மாற்றினால் ஒன்று சத்தமாகவும் மற்றது அடக்கமாகவும் கேட்கும். வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் இருந்தால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது. "தெளிவு", "உயிர்ப்பு", "பேஸ் இறுக்கம்" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

லாப்டொப்பில் 200 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். மலிவான மீட்டர்கள் 400 ஹேர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, அதனால்தான் இந்த எண். ஸ்பீக்கர் மாட்டியபடியே, அதன் முனையில் ஏ.சி. வோல்ட் அளவுங்கள். முதல் அம்பில் 2.00 வோல்ட் வரும்வரை சத்தத்தை அமையுங்கள், லாப்டொப்பில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அம்பிலும் அதே 2.00 வர வேண்டும், அதற்கான எண்ணையும் குறியுங்கள். 2.02 வரை போனால் பரவாயில்லை, அது 0.1 டெசிபலுக்குள்தான். 2.10 என்றால் விடாதீர்கள். இடது வலது இரண்டையும் அளவுங்கள், ஏனென்றால் பழைய அம்ப்களில் இரு பக்கமும் ஒத்துப்போவதில்லை.

படி 6: முகத்தை மறைத்துக் கேளுங்கள்

மக்கின்டோஷின் நீல மீட்டரைப் பார்த்துக்கொண்டு நடுநிலையாகக் கேட்க யாராலும் முடியாது. தம்பியையோ தங்கச்சியையோ திரைக்குப் பின்னால் நிறுத்தி, காசு சுண்டி, விழுகிறபடி ஸ்பீக்கர் வயரையும், அந்த அம்புக்குக் குறித்து வைத்த சத்த எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். பாட்டை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இரண்டு அம்பில் இருந்தும் ஸ்பீக்கருக்குப் போகும் வயர்கள் ஒருபோதும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மலிவான ஸ்பீக்கர் சுவிட்ச் பெட்டிகளில் கறுப்பு முனைகள் உள்ளே ஒன்றாகக் கட்டியிருக்கும், அவை வேண்டாம். வால்வு அம்ப் ஒன்று இருந்தால் ஸ்பீக்கர் இல்லாத நேரத்தில் அதன் முனைகளில் 8 ஓம் வலுவான ரெசிஸ்டர் மாட்டி வையுங்கள்.

கேட்கிற பாட்டுத் துண்டு சிறியதாக, 20 வினாடி இருக்கட்டும். காதின் ஞாபகம் அதற்கு மேல் நிற்காது. நாதஸ்வரம் தவில் நல்ல சோதனை. தவிலின் திடீர் அடிதான் அம்ப் மூச்சு வாங்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் எனக்கு உயிர், ஆனாலும் அந்தக் காலத்து ஒலிப்பதிவை இதற்கு எடுக்காதீர்கள், பதிவின் குறைதான் முதலில் கேட்கும். அண்மைக்காலச் சுத்தமான பதிவு வேண்டும். சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் உள்ள அறை எதையும் இரைச்சலாக்கும், பாயை விரித்து யன்னலுக்குத் திரை போடுங்கள்.

16 தடவை கேட்டு, எது ஓடுகிறது என்று எழுதுங்கள். 12 சரியாக வந்தால் அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 9, 10 என்றால் உங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படி வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1978இல் ஜேம்ஸ் மொயர் என்ற பொறியியலாளர் குவாட் கம்பனிக்காக இதே மாதிரி ஒரு சோதனை நடத்தினார். 1953இன் வால்வு குவாட் 2, 1967இன் 303, 1975இன் 405 மூன்றையும் வைத்து, பழகிய காதுகளைக் கேட்க வைத்தார். அதிர்ஷ்டத்துக்கு மேல் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கம்பனியே காசு போட்ட சோதனை என்று முகம் சுளிக்கலாம். ஆனால் புதுசை விற்கிற கம்பனிக்குப் பழசும் அதுவும் ஒன்றே என்ற முடிவால் என்ன லாபம்?

படி 7: தெரிவு

வித்தியாசம் நிச்சயமாகக் கேட்டால் காரணத்தைத் தேடுங்கள். ஒரே அம்பின் இடது வலதை மாற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் வேறாக இருந்தால் அது பழுது. இரு பக்கமும் ஒரே மாதிரி, அதுவும் வால்வு அம்ப் என்றால், அதன் ஸ்பீக்கர் முனையில் உள்ள கூடிய மின்தடை உங்கள் ஸ்பீக்கரோடு சேர்ந்து சில சுருதிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. அது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரை மாற்றினால் அந்த ருசியும் மாறும்.

வித்தியாசம் கேட்காவிட்டால் இங்கே எதைத் திருத்தலாம் என்று பார்த்து முடிவெடுங்கள். 1974இன் யமஹா பி1 அழகுதான், ஆனால் அதன் வி-ஃபெட் என்ற தனிவகை ட்ரான்சிஸ்டர் செய்வதை நிறுத்திப் பல காலம், எரிந்தால் அலங்காரப் பொருள்தான். 405இல் பயஸ் (சும்மா நிற்கும்போது ட்ரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) சரிசெய்யும் திருகே கிடையாது, எனவே அது விலகிப்போகும் என்ற கவலையும் இல்லை. எனக்கு அதுதான் புதியவர்களுக்கான அம்ப். தோற்ற அம்பை விற்க மனமில்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கரண்ட் கொடுத்து வையுங்கள்.