ஊர் மாறினாலும் எண் மாற வேண்டாம்: மொபைல் எண்ணில் செய்யக்கூடாத தவறுகள்

சிகிச்சைக்காக வேலூர் வந்து காந்தி ரோடு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கும் வங்காள, அசாம் குடும்பங்கள் பலரும் முதலில் தேடுவது உள்ளூர் சிம். பெரும்பாலும் அது தேவையே இல்லை. இப்போதைய அன்லிமிடெட் பேக்குகளில் நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது.

தற்காலிக எண்ணை ஆஸ்பத்திரிப் பதிவில் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. ஊர் திரும்பியதும் அந்த சிம் டிராயரில் கிடக்கும். பயன்படுத்தாமல் 90 நாள் ஓடினால் இணைப்பு துண்டிக்கப்படலாம்; பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஓடிபி அவர் கைக்குத்தான் போய்ச் சேரும். வீட்டு எண்ணையே கொடுங்கள்.

போனைக் கண்டுபிடிக்க நெட்வொர்க் எண்ணைப் பார்ப்பதில்லை. சிம்முக்குள் இருக்கும் அடையாளத்தைத்தான் பார்க்கிறது. போன் ஒரு பகுதியைத் தாண்டி அடுத்த பகுதிக்குள் நுழைந்ததும், 'இங்கே இருக்கிறேன்' என்று தானே பதிவு செய்துகொள்ளும். யாராவது அழைத்தால் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அழைப்பு வந்து சேரும்.

இந்தப் பதிவைக் கெடுப்பது நம் கைதான். காட்பாடியிலிருந்து சித்தூர் ரோட்டில் கிறிஸ்தியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திர டவர்கள். அங்கே சிக்னல் போய்விட்டதென்று செட்டிங்ஸில் ஒரு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் போன் அதையே தேடிக்கொண்டிருக்கும். மறுபடி 'ஆட்டோமேட்டிக்' போட்டு, பத்து விநாடி ஏரோபிளேன் மோடில் வைத்து எடுங்கள். போன் புதிதாகப் பதிவாகிவிடும்.

எண்ணை மாற்றாமல் கம்பெனி மட்டும் மாறும்போதுதான் (இதுதான் 'போர்ட்' செய்வது) தவறுகள் அதிகம். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள்தான் செல்லும். இணைப்பு வாங்கி 90 நாள் ஆகவில்லை என்றாலோ, போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருந்தாலோ குறியீடு வராது. சிம் மாற்றி ஏழு நாள் ஆகவில்லை என்றாலும் அப்படித்தான்; இது 2024 ஜூலையில் வந்த விதி. தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கிய கையோடு கம்பெனி மாற்றப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

போர்ட் செய்வதற்கு முந்தின நாள் பெரிய ரீசார்ஜ் போடாதீர்கள். மிச்ச பேலன்ஸ், வேலிடிட்டி எதுவும் கூட வராது. போர்ட் முடிய ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) மூன்று வேலை நாள், வட்டம் மாறினால் ஐந்து. அதுவரை பழைய சிம் போனிலேயே இருக்கட்டும். அதில் சிக்னல் செத்த பிறகே புதியதைப் போடுங்கள். அதே கம்பெனியில் சிம்மை மாற்றினாலும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. வங்கி வேலை இருக்கும் நாளில் அதைச் செய்யவே வேண்டாம்.

அந்த எட்டெழுத்தைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் எண்ணே பிறர் கைக்குப் போகக்கூடும். கூரியர் என்று சொல்லி *401* போட்டு ஒரு எண்ணை அடிக்கச் சொல்வதும் இதே ரகம். உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடக்கூடும். தெரியாமல் அடித்துவிட்டால் உடனே ##002# அடியுங்கள், எல்லா ஃபார்வர்டிங்கும் நீங்கும்.