தம்புராவைப் பிடிக்காத ட்யூனர்

தம்புராவுக்குச் சுருதி சேர்க்க, பிரவுசரிலேயே ஓடும் ஒரு சின்ன ட்யூனர் பக்கம் எழுதியிருந்தேன். பாடினால் ஸ்வரத்தைச் சரியாகக் காட்டும். தம்புராவின் சாரணியை (நடுத் தந்திகளில் ஒன்று) மீட்டினால் மட்டும் முதலில் 196 ஹெர்ட்ஸ் (5 கட்டை) காட்டிவிட்டு, ஒன்றிரண்டு நொடியில் முள் விழுந்துவிடும். தந்தியோ இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்.

மைக்கைத் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகில் கொண்டுபோனேன். ஒலி அளவைக் கூட்டினேன். வேறு மைக் மாற்றினேன். சுருதி கணக்கிடும் பகுதியைக்கூடத் திருப்பி எழுதினேன். பலனில்லை.

வழி காட்டியது ஒரு விசித்திரம்: முள் விழுந்த பிறகு பக்கத்தில் யாராவது பேசினால், தம்புராவின் ஹெர்ட்ஸ் அளவு ஒரு கணம் திரும்பி வரும்! அப்படியானால் ஒலி மைக்குக்கு வருகிறது, நடுவில் ஏதோ அதை அடக்குகிறது.

பிரவுசர் மைக்கை வீடியோ அழைப்புக்கு ஏற்றபடிதான் திறக்கிறது. அதில் சேர்ந்து வரும் இரைச்சல் நீக்கம் மனிதப் பேச்சைத் தக்கவைத்து, மாறாமல் நீளும் ஒலியை மின்விசிறிச் சத்தம்போல அழித்துவிடும். தம்புராவின் அழகே அந்த நீளும் ஒலிதானே!

மைக்கைத் திறக்கும் கெட்யூசர்மீடியா கட்டளையில் நாய்ஸ்சப்ரஷன் (இரைச்சல் நீக்கம்), எக்கோகேன்சலேஷன் (எதிரொலி நீக்கம்), ஆட்டோகெயின்கன்ட்ரோல் (ஒலி அளவைத் தானாகச் சரிசெய்வது) மூன்றையும் ஃபால்ஸ் ஆக்கினேன், அதாவது அணைத்தேன். கணினியில் உடனே சரியாகிவிட்டது. போனில் மட்டும் பழைய கதைதான். அப்படி அணைக்கச் சொல்வது வெறும் விருப்பம், பிரவுசர் ஏற்காமலும் போகலாம். மைக்கிலிருந்து வரும் ஒலித்தடத்தின் (டிராக்) அமைப்புகளைச் சொல்லும் கெட்செட்டிங்ஸை அச்சிட்டுப் பார்த்தால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று தெரியும். என் போனில் இரைச்சல் நீக்கம் ட்ரூ (இயங்குகிறது) என்றே இருந்தது. வேறு பிரவுசரில் திறந்ததும் ஃபால்ஸ் ஆனது. இப்போது தாழ்ந்த தந்தியான மந்தரத்தின் 98 ஹெர்ட்ஸ்கூட ஒலி ஓயும்வரை நிற்கிறது.