ஹெட்ஃபோனுக்கு ஈக்வலைசர்: ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் இறக்குங்கள்

ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க உதவுவது ஈக்வலைசர். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை என்று தோன்றினால் அதன் இடது ஓர ஸ்லைடரை மேலே தள்ளுகிறோம். குரல் அமுங்கிக் கேட்டால் நடுவில் இருப்பதை. பளிச்சென்று வேண்டுமானால் வலது ஓரத்தை. கடைசியில் எல்லா ஸ்லைடரும் மேலே ஏறி நிற்கும், பாட்டு மட்டும் கரகரக்கும்.

இதற்குக் காரணம் ஹெட்ஃபோன் இல்லை. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்று ஓர் உச்ச வரம்பு உண்டு. இன்றைய பாடல்களில் பல ஏற்கெனவே அந்த வரம்பை ஒட்டித்தான் பதிவாகி வருகின்றன. அதில் ஒரு ஸ்லைடருக்குரிய இடத்தை 6 டெசிபல் ஏற்றினால் அங்கே அலையின் உயரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வரம்பைத் தாண்டும் உச்சிகள் தட்டையாக வெட்டப்படும். அதுதான் கிளிப்பிங். ஈக்வலைசரில் மொத்த ஒலி அளவையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. எதை அதிகமாக ஏற்றினீர்களோ, குறைந்தது அந்த அளவுக்கு ப்ரீஆம்பை இறக்குங்கள்: 6 ஏற்றினால், மைனஸ் 6. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்களை ஏற்றியிருந்தால் அவை ஒன்றின் மேல் ஒன்று சேரும், அதனால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். குறைந்த சத்தத்தை வால்யூமில் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்த தவறு இதிலிருந்தே பிறக்கிறது. ப்ரீஆம்பை இறக்கிவிட்டு, ஈக்வலைசரை ஆன், ஆஃப் செய்து ஒப்பிடுவார்கள். ஆஃப் செய்ததும் ப்ரீஆம்பும் சேர்ந்து அணைவதால் சத்தம் கூடும். உடனே 'ஈக்வலைசர் போட்டால் உயிரே போய்விடுகிறது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒன்றிரண்டு டெசிபல் சத்தம் கூடினாலே நம் காது அதைத் தெளிவு என்றும் நல்ல பேஸ் என்றும் எடுத்துக்கொள்ளும். ப்ரீஆம்பை அப்படியே விட்டு, ஃபில்டர்களை, அதாவது நீங்கள் செய்த ஏற்ற இறக்கங்களை, மட்டும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் சத்தம் ஒன்றுபோல் இல்லையென்றால் வால்யூமைக் கையால் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

குறைவதாகத் தோன்றும் இடத்தை ஏற்றுவதைவிட, கூடுதலாக இருப்பதைக் குறைப்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும். குரல் அமுங்கினால், 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வீங்கிப்போய் அதை மூடிக்கொண்டிருக்கலாம். அங்கே 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள், குரல் தானாக முன்னே வரும். 'ஸ்' ஒலி காதைக் குத்தினால் மொத்த ட்ரெபிளையும், அதாவது உயர்ந்த ஒலிகள் எல்லாவற்றையும், இறக்க வேண்டாம். 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் குத்தும் இடத்தைத் தேடி, அதை மட்டும் குறைத்தால் போதும். இதற்கு, எந்த இடத்தில் எவ்வளவு அகலத்துக்கு மாற்றுவது என்று நாமே குறிக்கக்கூடிய பாராமெட்ரிக் ஈக்வலைசர் வேண்டும். அதில் க்யூ என்ற எண் கூடக் கூட, மாற்றம் குறுகிய இடத்துக்குள் அடங்கும்.

ஆட்டோஈக்யூ போன்ற திட்டங்களில் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கு அளந்து வைத்த பிரீசெட்டுகள், அதாவது ஆயத்த ஈக்வலைசர் அமைப்புகள், கிடைக்கின்றன. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அளவுகள் செயற்கைக் காதில் எடுக்கப்பட்டவை. சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உங்கள் காதின் வடிவமும் ஹெட்ஃபோன் உட்காரும் விதமும் ஒலியை வெகுவாக மாற்றிவிடும். அந்தப் பகுதியில் பிரீசெட் சொல்லும் பெரிய ஏற்ற இறக்கங்களை நான் எடுத்துவிடுவேன். ஹெட்ஃபோனின் அளவீட்டு வரைபடத்தில் குறுகிய பள்ளம் தெரிந்தால் நிரப்பவும் முயலாதீர்கள். ஹெட்ஃபோனைச் சற்று நகர்த்தினாலே அது வேறு இடத்துக்குப் போய்விடக்கூடும்.

இன்னொன்று, இயர்ஃபோன் காதில் சரியாக அடைக்காவிட்டால் பேஸ் கசிந்துபோகும். அதை ஈக்வலைசரால் ஈடுகட்டப் பார்ப்பது வீண். முதலில் ரப்பர் முனையின் அளவை மாற்றிப் பாருங்கள். பெரிய ஹெட்ஃபோனில் நைந்துபோன குஷனும் மூக்குக்கண்ணாடியின் காம்பும் இதே வேலையைச் செய்யும்.

அப்புறம், பாட்டுச் செயலியில் ஒரு ஈக்வலைசர், போனின் அமைப்புகளில் ஒன்று, ஹெட்ஃபோனின் சொந்தச் செயலியில் இன்னொன்று என்று மூன்றும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு முதல் நாள் ஒலி வெறுமையாகத் தோன்றலாம். பழைய ஒலிக்குப் பழகிய காது அப்படித்தான் சொல்லும். சில நாள் எதையும் தொடாமல் கேளுங்கள், பிறகு ஒரு முறை பழைய அமைப்புக்குத் திரும்பிப் பாருங்கள்.